பிளஸ் டூவுக்கு அப்புறம் ஆராய்ச்சிதான் என்றால்: ஐசரா, ஐஐஎஸ்சியா, இன்ஜினியரிங்கா, உள்ளூர் பி.எஸ்சியா?

அக்கா மகள் இந்த வருஷம் பிளஸ் டூ, கோவில்பட்டியில் பயோ-மேத்ஸ் குரூப். போன வாரம் போனில், "சித்தி, எனக்கு நீட் எல்லாம் வேணாம், ரிசர்ச்தான் பண்ணணும், ஆனா எங்க சேரணும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க, அப்பா இன்ஜினியரிங்தான் சேஃப்ங்கறாங்க" என்றாள். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிகூட முடியவில்லை. அவளுக்காக எழுத ஆரம்பித்தேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும், அவர்கள் வீட்டில் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்தே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன், அப்புறம் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., பிறகு பிஎச்.டி., இப்போது பெயின்ட், கோட்டிங் சம்பந்தமான ஆர் அண்ட் டி லேப் ஒன்றில் வேலை. புதிதாக ஆள் எடுக்கும்போது இன்டர்வியூ குழுவில் நானும் உட்காருவேன். ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் படித்தவர்கள், பி.டெக். முடித்தவர்கள், சின்ன ஊர்க் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்து மேலே வந்தவர்கள் என்று எல்லோரும் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியின் பெயரைவிட, விடை யாருக்கும் தெரியாத ஒரு கேள்வி எந்த வயதில் இவர்கள் கைக்கு வந்தது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிகிறது. கட்டணம், ஹாஸ்டல், தூரம் எல்லாம் முக்கியம்தான், அவற்றையும் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொரு படிப்பையும் முதலில் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுவேன்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று புரிய, என் பி.எஸ்சி. லேபில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பியூரெட்டில் பெர்மாங்கனேட், ஃபிளாஸ்கில் சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலம், சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே இருந்தால் ஒரு சொட்டில் வெளிர் ரோஜா நிறம் வந்து மறையாமல் நிற்கும், அங்கே நிறுத்தி ரீடிங் எடுக்க வேண்டும். எனக்கு 19.4 வந்தது. பக்கத்து மேசைகளில் எல்லோருக்கும் 20.1. அந்த 20.1தான் வரும் என்று சீனியர்கள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்கள், எல்லோரும் அதையே எழுதினார்கள், நானும் 19.4ஐ அடித்துவிட்டு 20.1 என்று எழுதி முழு மார்க் வாங்கினேன். பிப்பெட்டைச் சரியாகக் கழுவவில்லையா, பியூரெட் முனையில் காற்றுக் குமிழி இருந்ததா, அமிலம் ஆறிப்போயிருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மூன்று வருஷமும் பிராக்டிகல் அப்படித்தான் போனது. இன்றைக்கு லேபில் எனக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த 19.4 ஏன் வந்தது என்று கண்டுபிடிக்கத்தான்.

சரி, முதலில் ஐசர். மொத்தம் 7 ஊர்களில் இருக்கிறது: புனே, கொல்கத்தா 2006இல் தொடங்கினார்கள், அடுத்து மொகாலி, போபால், திருவனந்தபுரம், பிறகு 2015இல் திருப்பதி, 2016இல் பெர்ஹாம்பூர். படிப்பு ஐந்து வருஷ பி.எஸ்.-எம்.எஸ்., இளங்கலையும் முதுகலையும் சேர்ந்தது. ஆரம்ப செமஸ்டர்களில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கையும் எல்லோரும் படிக்க வேண்டும், அப்புறம்தான் ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே போவீர்கள். கடைசி வருஷம் பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே போய்விடும், ஒரு பேராசிரியரின் குழுவில் பிஎச்.டி. மாணவர்களோடு ஒரே மேசையில் வேலை. ஆனால் நான் பேசிப் பார்த்த ஐசர் பிள்ளைகள் பெரும்பாலும் அதுவரை காத்திருக்கவில்லை, முதல் அல்லது இரண்டாம் வருஷக் கோடை விடுமுறையிலேயே ஏதாவது ஒரு லேபில் போய் நின்றிருக்கிறார்கள். வாசலுக்கு எதிரே பேராசிரியரின் அறை, கதவைத் தட்டி "சார், சம்மருக்கு வரலாமா" என்று கேட்டால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே ஐசரை முதலில் சொல்கிறேன். 18, 19 வயதில் 19.4 கைக்கு வந்துவிடுகிறது, அதை அடித்து எழுதச் சொல்ல ஆள் இல்லை.

கஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உயிரியல் பிடிக்கும் என்று போனவர்கள் முதல் வருஷக் கணிதத்தில் திணறுவது சாதாரணமாக நடக்கிறது. வகுப்பு முழுக்க ஆங்கிலம், தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் மூச்சு முட்டும், பிறகு பழகிவிடும், ஆனால் அந்த ஆறு மாதத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் மார்க்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பது பெரிய உதவி. நீட் கிடைக்கவில்லை, ஜேஇஇ கிடைக்கவில்லை, அதனால் இங்கே வந்தோம் என்று சேர்ந்தவர்களுக்குத்தான் ஐந்து வருஷம் மிக நீளமாகத் தெரிகிறது. கேம்பஸ் பிளேஸ்மென்ட் என்பது இன்ஜினியரிங் கல்லூரி மாதிரி இங்கே இருக்காது, இது பிஎச்.டி.யை நோக்கிப் போகிற சாலை, நடுவில் இறங்குகிறவர்கள் தங்கள் வழியைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சேர்வதற்கு ஐஏடி என்ற தேர்வு. 2024இலிருந்து ஐசருக்கு இந்த ஒரே வாசல்தான், ஜேஇஇ அட்வான்ஸ்டு ரேங்க்கை வைத்துச் சேர முடியாது. நான்கு பாடத்துக்கும் தலா 15 கேள்வி, மொத்தம் 60, மூன்று மணி நேரம், சரியானதற்கு 4, தவறானதற்கு ஒன்று கழியும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் பிள்ளைகளும் எழுதலாம், இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்று படித்திருந்தால் போதும், ஆனால் உயிரியல் 15 கேள்விகள் அவர்களுக்காகக் காணாமல் போகாது. பயோ-மேத்ஸ் குரூப்புக்கு இது கொஞ்சம் தோதான தேர்வு, என் அக்கா மகளிடம் நான் முதலில் சொன்னதே அதுதான். தமிழில் வினாத்தாள் கிடையாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேட் போர்டு புத்தகத்தை மட்டும் நம்பாமல் என்சிஇஆர்டி புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதே ஐஏடி ரேங்க்கைப் பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகமான ஐஐஎஸ்சியும் எடுத்துக்கொள்கிறது, சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய மெடிக்கல் சயின்சஸ் அண்ட் இன்ஜினியரிங் பி.எஸ். படிப்புக்கும் அதுதான் தேர்வு. ஆனால் மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும், தேர்வு ஒன்றாக இருப்பதால் விண்ணப்பமும் ஒன்று என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

ஐஐஎஸ்சி 1909இல் தொடங்கிய நிறுவனம், பிளஸ் டூ முடித்தவர்களை எடுக்க ஆரம்பித்ததோ 2011இல்தான். நான்கு வருஷ பி.எஸ். ரிசர்ச், முதல் மூன்று செமஸ்டர் எல்லோருக்கும் பொது, நான்காம் வருஷம் ஆய்வு, விரும்பினால் ஐந்தாம் வருஷம் இருந்து முதுகலையோடு வெளியே வரலாம். கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். இயற்பியல் படிக்கிற பிள்ளை தெருவைக் கடந்து மெட்டீரியல்ஸ் துறைக்குப் போய் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பைப் பார்க்கிற மாதிரியான வளாகம் அது. இடங்கள் மிகக் குறைவு என்பது மட்டும்தான் தடை, அதை நம்பி மற்றதை விட்டுவிடக் கூடாது.

நைசர் என்று புவனேஸ்வரில் ஒன்று, மும்பைப் பல்கலைக்கழக வளாகத்தில் அடிப்படை அறிவியல் மையம் ஒன்று, இரண்டும் அணுசக்தித் துறையின் கீழ் வருபவை, 2007இல் தொடங்கியவை, ஐந்து வருஷ ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இவற்றுக்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. ஐசருக்குப் படிக்கிறவர்கள் இதையும் எழுதிவிடலாம், படிப்பு ஏறத்தாழ ஒன்றுதான்.

கணிதம்தான் உயிர் என்றால் கதை வேறு. சென்னை அருகே சிறுசேரியில் இருக்கும் சிஎம்ஐ என்ற சென்னை கணிதவியல் நிறுவனத்தைத் தமிழ்நாட்டிலேயே பல பள்ளி ஆசிரியர்கள் கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது, 1998இலிருந்து கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஆனர்ஸ் நடக்கிறது. நுழைவுத் தேர்வு அவர்களே வைப்பது, அதில் சூத்திரம் போட்டு விடை எடுக்கும் கணக்குகள் கொஞ்சம்தான், "நிரூபி" என்று கேட்கிற கணக்குகள்தான் ஆளை எடுக்கும். ஒரே கணக்கோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, விடை வராமலேயே எழுந்தாலும் மறுநாள் அதற்கே திரும்பிப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்குச் சரியான இடம் இது. ஐஎஸ்ஐ என்ற இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பெங்களூர் பி.மேத். (கணிதம்), கொல்கத்தா பி.ஸ்டாட். (புள்ளியியல்) இரண்டும் இதே ரகம். கணிதத்தில் லேப் வேண்டாம் என்பதால் விடை தெரியாத கேள்வி முதல் வருஷத்திலேயே வந்துவிடும்.

இப்போது அத்தான் சொல்கிற இன்ஜினியரிங். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, 20 வயதில் "ஆராய்ச்சி எனக்குச் சரிவராது" என்று தெரிந்தால் பி.டெக்.கில் இருப்பவருக்குத் திரும்புவது எளிது, பி.எஸ்.-எம்.எஸ்.ஸில் மூன்றாம் வருஷம் இருப்பவருக்கு அது கடினம். அது மட்டுமல்ல, புதுசாக ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும், கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்கிற ஆசை உள்ளவர்களுக்கு இன்ஜினியரிங்தான் வீடு. சென்னை ஐஐடியில் 2008இலிருந்து மாணவர்களே நடத்துகிற புதுமை மையம் இருக்கிறது, லேத், 3டி பிரிண்டர், சாலிடரிங் மேசை எல்லாம் அவர்கள் கையில். ஏத்தர் ஸ்கூட்டரைத் தொடங்கிய இருவரும் அங்கே இன்ஜினியரிங் டிசைன் படித்தவர்கள். அக்னிகுல் நிறுவனம் அதே வளாகத்தில் வளர்ந்து, ஒரே துண்டாக 3டி பிரிண்ட் செய்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் விட்டது. விண்வெளியே குறி என்றால் திருவனந்தபுரம் வலியமலையில் விண்வெளித் துறையின் ஐஐஎஸ்டி என்ற கல்வி நிறுவனம் இருக்கிறது, ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாகத்தான் நுழைய முடியும், நன்றாகப் படித்தவர்களை இஸ்ரோ எடுத்துக்கொள்ளும், ஆனால் எத்தனை பேர் என்பது அந்த வருஷக் காலியிடத்தைப் பொறுத்தது.

ஆனால் அத்தான் மனதில் இருப்பது சென்னை ஐஐடி அல்ல, மதுரைப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஏதோ ஒரு நல்ல தனியார் கல்லூரி. அங்கேதான் நான் கவலைப்படுகிறேன். இன்டர்வியூவில் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டால், எங்கே கேட்டாலும் ஒரே மாதிரி நான்கு தலைப்புகள், இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கொடுத்து வாங்கியது என்று தெரிந்துவிடும். "இந்த சென்சாரை ஏன் போட்டீர்கள், வேறு எதையாவது போட்டுப் பார்த்தீர்களா" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புத்திசாலிப் பெண், கணக்குக் கேள்விகளுக்குப் பட்பட்டென்று விடை சொன்னவள், நான்கு வருஷத்தில் ஒரு பொருளைத் தானே கெடுத்து, தானே சரிசெய்யும் வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியைப் பார்க்கப் போகிற பெற்றோர் கட்டடத்தையும் பிளேஸ்மென்ட் பேனரையும் பார்ப்பதோடு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஒர்க்‌ஷாப் திறந்திருக்கிறதா, உள்ளே மாணவர்கள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பூட்டியிருந்தால் அது ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கான இடம் இல்லை. திறந்திருக்கிற கல்லூரிகள் நம் ஊரிலும் இருக்கின்றன.

கடைசியாக உள்ளூர் பி.எஸ்சி. இதைத்தான் நான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் ஐஏடி கிடைக்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதுதான் கையில் இருக்கிறது. வீட்டை விட்டுப் போக முடியாதவர்களுக்கும் இதுதான். பலரும் இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறார்கள், அது பிள்ளையின் மனதில் இறங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, மொத்தம் ஐந்து. ஐசரும் ஐந்துதான். ஒரு வருஷம்கூடப் பின்தங்கவில்லை. ஐந்தாம் வருஷ முடிவில் இரண்டு பேரும் ஒரே பிஎச்.டி. இன்டர்வியூவில் பக்கத்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். ஐசர் பிள்ளைக்குத் தானாகக் கிடைத்ததை பி.எஸ்சி. பிள்ளை தேடிப் போய் வாங்க வேண்டும், கஷ்டம் அதில்தான்.

எங்கே தேடுவது? பெங்களூர், டெல்லி, அலகாபாத்தில் இருக்கும் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் தருகின்றன, இரண்டு மாதம், உதவித்தொகையும் உண்டு. அக்டோபர், நவம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும், மார்ச்சில் நினைத்துப் பயனில்லை. எனக்கு அது இரண்டாம் வருஷத்தில் கிடைத்தது, பெங்களூரில் ஒரு லேப். ஒரு சேர்மத்தைப் படிகமாக வளர்க்கச் சொன்னார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் வெவ்வேறு கரைப்பான்களை ஊற்றி, மேலே ஈதரை மெதுவாக அடுக்கடுக்காக விட்டு, மூடி, வரிசையாக வைத்துவிட்டுத் தினமும் காலையில் போய் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். ஆறு வாரம் அடியில் பழுப்புப் பொடிதான். அழுகை வந்தது. கைடு வந்து பார்த்தார், "எது எதில் வரலைன்னு எழுதி வச்சிருக்கியாம்மா" என்று கேட்டார். எழுதியிருந்தேன். அந்தப் பட்டியலை வைத்து இரண்டு பேரும் உட்கார்ந்து யோசித்து, ஏழாவது வாரம் ஒரு குப்பியில் ஊசி மாதிரி ஐந்தாறு படிகங்கள். அவ்வளவுதான் நடந்தது, ஆனால் அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் கற்றதைவிட அந்த இரண்டு மாதத்தில் அதிகம் கற்றேன்.

அதற்கப்புறம் ஜாம். ஐஐடிகளில் எம்.எஸ்சி., ஐஐஎஸ்சியில் ஒருங்கிணைந்த பிஎச்.டி. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு தேர்வு. பி.எஸ்சி. முதல் வருஷத்திலிருந்தே பழைய ஜாம் கேள்விகளைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் கல்லூரிப் பாடமும் தானாக ஆழமாகும். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, போன வருஷம் இங்கிருந்து எத்தனை பேர் ஜாம் எழுதினார்கள் என்று துறைத் தலைவரிடம் நேரடியாகக் கேளுங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எடுத்த பாடம் தவறாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பரோடாவில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர், பிஎச்.டி.யும் இயற்பியலில்தான், அதன் பிறகு உயிரியலுக்கு மாறி, ரைபோசோம் ஆய்வுக்காக 2009இல் வேதியியல் நோபல் வாங்கினார்.

பணம். ஐஐடி பி.டெக்.கில் டியூஷன் மட்டுமே வருஷத்துக்கு 2 லட்சம், வருமானத்தையும் பிரிவையும் பொறுத்துச் சலுகை உண்டு. அரசுக் கலைக் கல்லூரி பி.எஸ்சி.க்கு ஆகிற செலவு அதில் மிகச் சிறு பங்கு. மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை, பிளஸ் டூவில் அந்தந்த போர்டின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு 80,000 ரூபாய். ஐசருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தாலும் விண்ணப்பிக்கலாம், அந்தந்த வருஷ அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். ஐஐடி மாதிரியான மத்திய நிறுவனங்களில் இடம் கிடைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது, தலைமையாசிரியரிடம் கேட்டு விவரம் வாங்குங்கள். "எத்தனை வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டே இருப்பா" என்று அத்தான் கேட்டார். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி. முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதற்கு அப்புறம் 42,000. 23 வயதில் அவள் கையில் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை வரும், அவர் நினைத்துக்கொண்டிருந்தது போல முப்பது வயது வரை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டியதில்லை.

என் அக்கா மகளுக்கு நான் சொன்ன வரிசை இது: ஐஏடியை மனதில் வைத்துப் படி, ஐஐஎஸ்சிக்கும் ஐசருக்கும் சென்னை ஐஐடிக்கும் மூன்றுக்கும் விண்ணப்பம் போடு, நெஸ்டும் எழுது. ஐசரில் முதல் விருப்பம் திருவனந்தபுரம் போடலாம், விதுராவில் மலையடிவாரத்தில் இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து சென்னையைவிடக் கிட்ட, அக்காவுக்கும் மனசு கொஞ்சம் ஆறும். கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே நல்ல பி.எஸ்சி., இரண்டாம் வருஷம் கோடைக்கால ஃபெல்லோஷிப், மூன்றாம் வருஷம் ஜாம். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதுவதை நான் சொல்ல மாட்டேன், அந்த ஒரு வருஷத்தை லேபில் நின்று செலவழிப்பது நல்லது. அவளுக்கு எதையும் கட்டிப் பார்க்கும் ஆசை இல்லை, செடியில் ஏன் இந்தப் பக்கத்து இலை மட்டும் மஞ்சளாகிறது என்று கேட்கிற பெண், அதனால் இன்ஜினியரிங்கை வரிசையிலேயே வைக்கவில்லை. அவள் தம்பி கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், அவன் வீட்டு மிக்ஸியைப் பிரித்துப் போட்டு வைத்திருக்கிறான்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். அதற்குள் பழைய ஐஏடி வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, இடையில் எழுந்திருக்காமல் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மார்க் எவ்வளவு என்று கேட்கப் போவதில்லை. எந்தக் கேள்விகளில் விடை தெரியாமல் அதிக நேரம் நின்றாள், அதில் எதை மறுநாளும் யோசித்தாள் என்று அவளும் நானும் அத்தானும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறோம்.